வேலிக்கதவு வரைக்கும் வர்றாங்க

...இதையும் கொட்டுனேன்னா இந்த மாசத்துல ரெண்டாவது பீப்பா, கண்ணு. எங்க சாக்கடைக்கே போதை ஏறியிருக்கும். நீ உக்காரு, ஜன்னலோரமா உக்காரு. பூட்ஸு சேறா இருந்தா இருக்கட்டும், கல்லுத்தரைதானே. இந்தா, ஏல் பீர். இது பாட்டில் சரக்கு இல்லப்பா, உசிருள்ளது. பீப்பாவத் தொறந்தா மூணு நாளு, அப்புறம் புளிச்சுரும். குடிக்க ஆளு வேணுமே...

போன கோடையில இந்நேரம் நிக்க எடமிருக்காது. மேட்டுப் பாதையில மலை சுத்திப் பாக்குற சனம் கூட்டங்கூட்டமா நடந்து வருவாங்க. இப்ப பாரு, நீயும் நானும் அடுப்புல ஒரு மாட்டுக்கறி ரோஸ்ட்டும். இந்த பப்ப எங்களுக்குக் குத்தகைக்கு விட்ட பீர் கம்பெனிக்காரன் நேத்து வந்து மோட்டுவளையப் பாத்தான். “மிசஸ் சார்ல்ட்டன், இப்படியே போனா கிறிஸ்மஸுக்கு முன்னாடி சாவிய வாங்கிக்குவோம்”னுட்டான். கத்பர்ட், எங்க வீட்டுக்காரரு, மழைதான் காரணம்ங்கிறாரு. முழங்கால் சேத்துல நடந்துட்டு ஜம்பமா பேசுற சனம் கண்ணு இது, மழைக்கா பயப்படும்?

நானும் தெனமும் முழங்கால்ல நின்னு கேக்குறேன், “ஆண்டவரே, மேட்டுப் பாதையில நாலு சனத்த அனுப்பும்”னு. அவரு அனுப்பாம இல்ல. அதான் வேதனையே. அங்க பாரு, செம்மறி மேயுதே, அதுக்கு மேல வேலிக்கதவு. அதுவரைக்கும் வர்றாங்க. நிக்கிறாங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிறாங்க. வந்த வழியே போயிர்றாங்க. கீழூர் டீக்கடை மார்ஜரிதான் ஏதோ சொல்லி வச்சுட்டான்னு கோயில்ல அவ பக்கத்துல உக்கார்றதையே விட்டுட்டேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்...

ஆமா, நீ எப்படி வந்தே? ரோடு சுத்தியா? ஏன், மேட்டுப் பாதை... என்னது, கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்புனியா? நீயுமா? ஏம்ப்பா?

காளையா? இங்க ஏது காளை, மூணு கிழட்டு ஆடுதான்... பலகையா?

ஓ. அந்தப் பலகை.

அது நான் வச்சது, கண்ணு. மே மாசம் எவனோ ஒருத்தன் நாய் வந்து வெங்காயத்தாளாட்டம் தழைஞ்சு நின்ன என் லீக்ஸ் பாத்தியத் தோண்டிருச்சு. செப்டம்பர்ல யாரு லீக்ஸ் தடிமன்னு போட்டி நடக்குமில்ல, ஏழு வருஷமா அந்த நார்மன் டாட்ஸுதான் கோப்பையத் தூக்கிட்டுப் போறான். இந்த வருஷம் என் செடி ஒவ்வொண்ணும் என் கை மொத்தம். அதான், ‘காளை உண்டு, ஜாக்கிரதை’ன்னு ஒரு பலகை. அது நாய் வச்சிருக்கிறவங்களுக்கு. மத்தவங்கள யாரு படிக்கச் சொன்னா?

சிரிக்காத கண்ணு. எடுத்துர்றேன், இப்பவே எடுத்துர்றேன். லீக்ஸ் போனாப் போகட்டும், பப்பு போயிருச்சுன்னா போட்டிய எங்க வச்சு நடத்துவாங்க... இரு இரு, அதோ வர்றாங்க. ஏழெட்டுப் பேரு இருக்கும். ஆண்டவரே, சாயங்காலத்துக்குள்ள பீப்பா காலியாயிரும். ஐயோ, நின்னுட்டாங்களே. கதவத் தொற, நான் வாசல்ல நின்னு கூப்பிடுறேன்.

ஏங்க... வாங்க வாங்க... காளையெல்லாம் இல்லைங்க...

காத்துல கேக்கல போல. துணிய ஆட்டுனாத் தெரியும். இந்தா பாருங்க... வாங்க...

என்ன கண்ணு, இப்படி ஓடுறாங்க? விழுந்த தொப்பியக்கூட எடுக்காம... என் கையிலயா? தட்டுத் தொடைக்கிற துணிதான். ஆமா, செவப்புதான். அதுக்கென்ன?