ஹார்ன் அடிக்காத வளைவு

மனைவி: இந்த வளைவுக்கும் ஹார்னா? எதிர்ல ஒரு ஈ காக்கா இல்லையே.

டிரைவர்: கைப் பழக்கம். வளைவுன்னா ஹார்ன். பஸ்ஸானாலும் சரி, காரானாலும் சரி.

மனைவி: அதுக்காக இவ்வளவு அகலமா வளைக்கணுமா? பின்னாடி பஸ் நிறைய ஆள் உட்கார்ந்திருக்கற நினைப்பா?

டிரைவர்: மெக்கானிக் கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்த கார். இதுல ஒரு கீறல் விழுந்தா அவன் என்னைக் கீறிடுவான். நீ பேசாம வெளிய பாரு. எவ்வளவு பச்சை...

மனைவி: பார்த்துக்கிட்டுதான் வர்றேன். வெளியவும் பார்க்கறேன், உள்ளயும் பார்க்கறேன்.

டிரைவர்: உள்ள என்ன இருக்கு பார்க்கறதுக்கு?

மனைவி: உங்களுக்கு வேர்க்குது. இந்தக் குளிர்ல.

டிரைவர்: ஸ்டியரிங் புதுசு, அதான்... ஏம்மா, நிஜமா கேக்கறேன். வாரத்துல ஆறு நாள் இதே ரோட்டுலதான் பஸ் ஓட்டறேன். லீவு நாள்ல ஜாலியா எங்கயாவது போகலாம்னா, உனக்கு வேற ரோடே கிடைக்கலையா? கடற்கரைக்குப் போகலாம்னு சொன்னேன்ல?

மனைவி: ஊரே இந்த மலையைப் பார்க்க வருது. டிரைவர் பொண்டாட்டி நான் ஒரு தடவை பார்க்கக் கூடாதா?

டிரைவர்: இத்தனை வருஷமா தோணல. திடீர்னு இந்த வாரம்...

மனைவி: ஏன்? நான் வந்தா யாருக்காவது இடைஞ்சலா?

டிரைவர்: ஆரம்பிச்சிட்டியா.

மனைவி: நான் எங்க ஆரம்பிச்சேன்? கண்டக்டர் வீட்டுக்காரி ஆரம்பிச்சு வெச்சா.

டிரைவர்: ...என்ன சொன்னா?

மனைவி: பார்த்தீங்களா... கியர் மாத்த வேண்டிய இடத்துல எச்சில் முழுங்கறீங்க.

டிரைவர்: என்ன சொன்னான்னு கேட்டேன்.

மனைவி: "எங்கண்ணன் ஹார்ன்லயே பேசுவாராமே அண்ணி"ன்னு சிரிக்கறா. எனக்குச் சிரிப்பு வரல.

டிரைவர்: அந்தக் கண்டக்டர் வாய்க்குப் பூட்டே கிடையாது. டிக்கெட்டைக் கிழிடான்னா ஊரைக் கிழிப்பான்.

மனைவி: நெருப்பில்லாம புகையுமா?

டிரைவர்: அது புகை இல்லம்மா, மூடுபனி. இந்தா பாரு, ரோடே தெரியல. வைப்பர் போடறேன் இரு.

மனைவி: போடுங்க, போடுங்க. எனக்கு எல்லாம் தெளிவா தெரியட்டும்.

டிரைவர்: இதுக்கு மேல பனி அதிகமா இருக்கும்போல. இங்கயே ஒரு டீ குடிச்சிட்டுத் திரும்பிடலாமா? உனக்கும் தலை சுத்தும்...

மனைவி: எனக்கு ஒண்ணும் சுத்தல. நான் மேல போகணும்னா நீங்க கீழ இறங்கறதுலயே இருக்கீங்களே.

டிரைவர்: உன் நல்லதுக்குச் சொன்னேன்.

மனைவி: என் நல்லதை நான் பார்த்துக்கறேன். நீங்க ரோட்டைப் பாருங்க... ஏன் இவ்வளவு மெதுவா?

டிரைவர்: மெதுவாவா? நல்லாத்தானே போறேன்.

மனைவி: இப்ப ஏன் திடீர்னு இவ்வளவு வேகம்? ...நிறுத்துங்க.

டிரைவர்: என்னது?

மனைவி: வண்டியை நிறுத்துங்கன்னு சொன்னேன்.

டிரைவர்: வளைவுல நிறுத்தக் கூடாது.

மனைவி: அப்ப தாண்டி நிறுத்துங்க. அந்த மரத்துகிட்ட.

டிரைவர்: சரி, நிறுத்தியாச்சு. இப்ப என்ன?

மனைவி: இந்த வளைவுக்கு ஏன் ஹார்ன் அடிக்கல?

டிரைவர்: ...அடிச்சேனே.

மனைவி: அடிவாரத்துல இருந்து காதைத் தீட்டி வெச்சுக்கிட்டு வர்றேன். எல்லாத்துக்கும் அடிச்சீங்க. ஆடு நின்ன இடத்துல ரெண்டு தடவை அடிச்சீங்க. இங்க வந்ததும் மூச்சு விடல.

டிரைவர்: மறந்துட்டேன்மா.

மனைவி: கைப் பழக்கம்னீங்க. பழக்கத்தை யாராவது மறப்பாங்களா? பிடிச்சு நிறுத்தினாத்தான் நிக்கும்.

டிரைவர்: நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும். தப்பிப் போய் எனக்கு வாக்கப்பட்டுட்டே.

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. அந்த நீலக் கேட் போட்ட வீடு யாருது?

டிரைவர்: யாரோ... எனக்கென்ன தெரியும்?

மனைவி: பஸ் வர்ற நேரத்துக்கு ஒரு பொம்பளை வெளிய வந்து நிப்பாளாம். நீங்க ஹார்ன் அடிப்பீங்களாம். அவ இடது கையைத் தூக்குவாளாம். அப்புறம் உள்ள போயிடுவாளாம். தினமும். அழகா இருப்பாளா?

டிரைவர்: அடச்சீ!

மனைவி: என்னை விடவா?

டிரைவர்: வாயைக் கழுவு முதல்ல.

மனைவி: நரைச்ச தலையோட நான் வீட்டுல உங்க சட்டைக் காலரைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க மலை மேல ஹார்ன்ல கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க. வயிறு எரியுதுங்க எனக்கு.

டிரைவர்: அப்படி இல்லம்மா. எப்படிச் சொல்றதுன்னு...

மனைவி: சொல்ல வேணாம். நானே கூப்பிட்டுக்கறேன். நகருங்க.

டிரைவர்: ஏய், கையை எடு! ஹார்னைத் தொடாதே...

மனைவி: ரெண்டு குட்டை, ஒரு நீட்டு. அப்படித்தானே?

டிரைவர்: கார் ஹார்னுக்கெல்லாம் யாரும் வர மாட்டாங்க.

மனைவி: தாளம் அதேதானே?

டிரைவர்: அடிக்காதேன்னு சொல்றேன்ல! ...போச்சு. அடிச்சிட்டே.

மனைவி: கேட் திறக்குது.

டிரைவர்: இங்க பாரு... என் பக்கம் திரும்பு. முதல்ல நான் சொல்றதைக் கேளு. அப்புறம் அங்க பாரு.

மனைவி: சொல்லுங்க.

டிரைவர்: கோவிச்சுக்காதே... அது உங்க அக்கா. உன்னோட பேச்சு நின்னப்புறம் இங்க குடிவந்துட்டாங்க. உன் கோபம் எனக்குத் தெரியும். உங்க அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாம வீட்டுலயே வெச்சுச் சாகடிச்சிட்டாங்கன்னு உனக்கு ஆறல. அவங்க வாசப்படியில நான் காலை வெச்சா உன் முகத்துல முழிக்கக் கூடாதுன்னு சொன்னே. இன்னை வரைக்கும் வெச்சதில்ல. சத்தியமா.

மனைவி: ஹார்ன் மட்டும் அடிச்சீங்க.

டிரைவர்: அதைக் கூடாதுன்னு நீ சொல்லலையே.

மனைவி: ரொம்ப சாமர்த்தியம்தான்.

டிரைவர்: ஒரு நாள் பஸ்ஸை மறிச்சு நின்னாங்க. "என் தங்கச்சி நல்லா இருக்காளா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க தம்பி"ன்னாங்க. தினமும் பஸ்ஸை நிறுத்தி ஊர்க்கதை பேச முடியுமா? ரெண்டு குட்டை, ஒரு நீட்டு அடிச்சா நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம். நீட்டு இல்லன்னா உடம்பு சரியில்ல. அவ்வளவுதான் எங்க பேச்சு.

மனைவி: எனக்கு ஆபரேஷன்னு சொன்னாங்களே... அப்ப என்ன அடிச்சீங்க?

டிரைவர்: அப்பவா... வளைவு முடியற வரைக்கும் கையை எடுக்கவே இல்ல. என்னால முடியல. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வந்துட்டாங்க.

மனைவி: ஆஸ்பத்திரிக்கா?

டிரைவர்: தியேட்டர்ல இருந்து உன்னைக் கொண்டுவந்து படுக்க வெச்சதுல இருந்து கால்மாட்டுலயே உட்கார்ந்திருந்தாங்க. எனக்குத்தான் பயம். நீ முழிச்சுப் பார்த்துக் கத்தினா தையல் பிரிஞ்சிடுமேன்னு... மயக்கம் தெளியறதுக்குள்ள போயிடுங்க அண்ணின்னு நான்தான் விரட்டினேன். பாவம், சத்தம் வரக் கூடாதுன்னு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போனாங்க. உனக்கு இது தெரியவே வேணாம்னு நினைச்சேன். என்னை என்ன வேணா திட்டு. அவங்களைத் திட்டாதே... ஏய், அழறியா? வேணாம்மா. வண்டியைத் திருப்பிடவா?

மனைவி: திருப்பித்தான் பாருங்களேன், தெரியும் சேதி... இடது கையைத் தூக்குவாள்னு கண்டக்டர் வீட்டுக்காரி சொன்னப்பவே அது யாருன்னு எனக்குத் தெரியும். எங்கக்காவுக்குச் சின்ன வயசுல இருந்தே எல்லாத்துக்கும் இடது கைதான். அக்காகிட்டக் கூட்டிட்டுப் போங்கன்னு எந்த வாயால கேக்கறது? அதான் உங்க மேல பழியைப் போட்டுக் கூட்டிட்டு வந்தேன்... அன்னைக்கு எனக்கு மயக்கம் எப்பவோ தெளிஞ்சிடுச்சுங்க. என் கால் பெருவிரலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. கண்ணைத் திறந்தா எந்திரிச்சுப் போயிடுவாளேன்னுதான் மூடிக்கிட்டே கிடந்தேன்.