டி இல்லாத மருமகள்

— ஜன்னலைத் திறங்க, சூப்பர்வைசரம்மா! என் மருமகளுக்கு டி இல்லையாம்.

— டீ வேணும்னா கேன்டீனுக்குப் போங்க. இது தையல் ஹால். சாப்பாட்டு நேரம்கிறதால உள்ள விட்டேன், அதுக்காக...

— குடிக்கிற டீயா கேட்டேன்? வைட்டமின் டி! நானும் முதல்ல உங்களை மாதிரிதான் புரிஞ்சுக்கிட்டேன். டாக்டரம்மா சொன்னதும் வீட்டுக்குப் போய் அண்டா அண்டாவா டீ போட்டேன். இவ குடிச்ச டீயில கப்பலே விடலாம். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தா, இருந்ததும் இறங்கிப்போச்சு. டாக்டரம்மா பார்த்த பார்வையில நான் பாதி கரைஞ்சுட்டேன்.

— "நாள் முழுக்க வாடி, போடி, எங்கடி போனேன்னு கூப்பிடுறாங்க, எனக்கு எப்படி டி குறையும்?"னு நான்கூட டாக்டரம்மாகிட்ட கேட்டேன், அத்தை.

— வயித்துல ஏழு மாசம், வாயில எழுபது மாசம்! சும்மா இருடி. சூப்பர்வைசரம்மா, இது சிரிக்கிற விஷயமில்ல. இவளுக்கு எதிர் மிஷின்ல தைச்சாளே, சுருட்டைமுடிக்காரி, அவ பெத்த பிள்ளைக்கு ஒரு வாரத்துலயே வலிப்பு வந்து விறைச்சுப்போச்சு. டி இல்லாட்டி உடம்புல கால்சியம் ஒட்டாதாம்; அதை ஊசியில ஏத்தித்தான் உயிர் திரும்புச்சு. தாய்கிட்ட இருந்தாதானே பிள்ளைக்குப் போகும்? சட்டியில இருந்தாதானே அகப்பையில வரும்!

— அதுக்குத்தான் மாத்திரை கொடுத்திருப்பாங்களே.

— கொடுத்தாங்க. விழுங்குறா. வெயிலும் மேல படணுமாம். கண்ணாடி வழியா வந்தா பலிக்காதாம். நல்லவேளை, உங்களது கம்பி ஜன்னல். இவ விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறுறா, இருட்டினப்புறம் வந்து இறங்குறா. சூரியன்னு ஒருத்தன் இருக்கானான்னே இவளுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. வெயில் என்ன உங்க முதலாளி வீட்டுச் சொத்தா?

— துணி வெளுத்துடும்மா. ஒரு ரோல் வெளுத்தா மொத்த ஆர்டரும் திரும்பிடும். அதான் எல்லா ஜன்னலுக்கும் திரை.

— துணி வெளுக்கக் கூடாது, பிள்ளை எலும்பு வளையலாம்! நல்லா இருக்கு உங்க நியாயம். நாளைக்கு அது வளைஞ்ச காலோட நடந்து வந்து, "எங்கம்மா தைச்ச சட்டை சாயம் போகாம இருக்கா?"ன்னு கேட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்வீங்க?

— கத்தாதீங்கம்மா. எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு. சரி, சாப்பாட்டு நேரத்துல திரையை எல்லாம் ஒதுக்கிவிடச் சொல்றேன். மேனேஜர் குதிச்சா நான் பார்த்துக்கிறேன். ஆனா உங்க மருமக பக்கத்து ஜன்னல்ல இருக்கிறது திரை இல்ல, பலகை. அது கம்பெனி அடிச்சது இல்ல.

— பின்ன என்ன, வானத்துல இருந்து குதிச்சு ஒட்டிக்கிச்சா?

— அத்தை, போதும். வாங்க போகலாம்.

— நீ வாயைத் திறக்காதடி! எந்தப் படுபாவி அடிச்சான் இதை? அவன் கை விளங்காமப் போக! அவன் படுக்கிற கட்டில் நாலு காலும் ஒடிய!

— ஐயோ அத்தை, அந்தக் கட்டில்லதான்...

— அவனைப் பெத்தாளே ஒரு மகராசி, அவ வயிறு பத்தி எரிய! சுத்தியலைக் கொடுங்க, நானே பிடுங்குறேன். ஹூம்... அசைய மாட்டேங்குதே. தொழில் தெரிஞ்சவன்தான் பாவி. இரு இரு... ஆணி எல்லாம் இடப்பக்கமா சாய்ஞ்சிருக்கு. தலையில மெழுகு வேற. பீச்சாங்கையில சுத்தியல் பிடிச்சு, மெழுகு தேய்ச்சு அடிக்கிறவன்... எங்க வீட்டு அலமாரியும் இப்படித்தானே... ஏண்டி... என் பிள்ளையா?

— அவரேதான். ஆனா சாபம் முழுசையும் அவர் தலையில கட்டிடாதீங்க, அத்தை. எனக்கு நாள் தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கு, "திரை விலகி வெயில் பட்டு இவ கறுத்தா என் பேரப்பிள்ளையும் கறுப்பாப் பிறக்கும், போய் அந்த ஜன்னலை அடைச்சுட்டு வாடா"ன்னு அனுப்பினது நீங்கதானே.