இருவர் ஆட்டத்துக்கு வாய்ப்பூட்டு வேண்டாம்

இரும்புப் பாதையில் எத்தனையோ ரயில்களை இழுத்து வந்து, ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல் எங்கள் குடியிருப்பைத் தடம் புரளாமல் இழுத்துச் செல்லும் தலைவர் அவர்களே! புள்ளி போட்டுப் போட்டுப் புருவம் நரைத்த நடுவர் பெருமக்களே! மூட்டுவலியோடும் முகமலர்ச்சியோடும் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடே அமர்ந்திருக்கும் அன்னையரே! கன்ட்ரோலரைக் கையிலும் கனவைக் கண்ணிலும் ஏந்தி நிற்கும் போட்டியாளர்களே! அதோ, தூணோரம் நின்றுகொண்டு, மாமியார் என்ன பேசித் தொலைக்கப் போகிறாளோ என்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் என் மருமகளே! அனைவருக்கும், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளின் சூடான வணக்கம்.

வரவேற்புரை ஆற்றத்தான் என்னை அழைத்தார்கள். போட்டியாளர்களில் வயதில் மூத்தவள் என்பதால் கிடைத்த மரியாதை. வரவேற்றுவிட்டேன், நீங்களும் உட்கார்ந்துவிட்டீர்கள். இனி நான் பேச வந்ததைப் பேசுகிறேன். தலைவர் மணியைத் தொடுகிறார். தலைவர் அவர்களே, தொழிற்சங்க மேடையில் முதலாளியின் கார் ஹாரனையே மீறிப் பேசிய தொண்டை இது. பாவம் அந்த மணி, அதை விட்டுவிடுங்கள்.

இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பெரிய திரையில் இறுதிப் போட்டியின் மறு ஆட்டம். ஒரு பக்கம் நானும் என் மருமகளும். மறுபக்கம் பின்தெருவில் வெல்டிங் பட்டறை நடத்தும் அண்ணனும் தம்பியும். வாசலில் ஒரு புது விதியை ஒட்டியிருக்கிறார்கள், வரும்போதே படித்திருப்பீர்கள். ஆடும்போது ஜோடிகள் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசக் கூடாதாம், பேசினால் வெளியேற்றமாம். அந்த விதியை நீக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன்பே நீக்க வேண்டும். கேட்டு வாங்காமல் இந்த மேடையை விட்டு நான் இறங்குவதாக இல்லை.

விளையாட்டுக்கு இத்தனை வீராப்பா என்று அங்கே ஓர் அம்மா சிரிக்கிறார். சிரியுங்கள் அம்மா, நானும் அப்படிச் சிரித்தவள்தான். 'செந்நிழல் வாள்' என்ற ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அதிலிருந்து பிறந்த வீடியோ ஆட்டம் இது. வாளெடுத்து வெட்டிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு பொத்தான் லேசான வெட்டு, ஒரு பொத்தான் பலத்த வெட்டு. ஒன்றுக்கு ஒன்று இடைவெளி விடாமல் கோத்தால் வெட்டுகள் தொடராகும், தொடர் நீள நீளப் புள்ளி பெருகும். எதிரி ஓங்கும்போது தடுக்க ஒரு பொத்தான், தாவி விலக ஒரு பொத்தான். திரையின் அடியில் ஒரு பொன்கோடு இருக்கிறது. நீங்கள் வெட்ட வெட்ட அது நிரம்பும். நிரம்பியதும் இரண்டு ஆள்காட்டி விரலாலும் சேர்த்து அழுத்தினால் பெருவீச்சு! சுற்றி நிற்கும் அத்தனை அரக்கர்களும் அறுவடைக் கதிராய்ச் சாய்வார்கள்.

ஆடும் முறைகளும் பல உண்டு. கதையோடு போகும் கதை ஆட்டம். அலையலையாய் எதிரிகள் வர, நிற்கும்வரை நிற்கும் அலை ஆட்டம். கடிகாரத்தோடு மல்லுக்கட்டும் நேர ஆட்டம். இவை மூன்றும் தனியாள் ஆட்டங்கள். நான்காவதுதான் இருவர் ஆட்டம். இரண்டு வீரர்கள், இரண்டு உயிர்கள், ஆனால், அன்பர்களே, கவனியுங்கள், பொன்கோடு ஒன்றே ஒன்று! இருவரும் சேர்ந்து நிரப்ப வேண்டும், ஒருவர்தான் செலவழிக்க முடியும். யார் எடுப்பது? எப்போது எடுப்பது? எடுக்கலாமா என்று யாரைக் கேட்பது? வம்பு அங்கேதான் தொடங்குகிறது. வாழ்க்கையும் அங்கேதான் தொடங்குகிறது என்பேன் நான்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மருமகளே, முறைக்காதே. என் மகன் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை பார்க்கிறான். திருமணமான புதிதில் ஊரில் இருந்தான். நாங்கள் மூவரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருப்போம். இவள் அவனிடம், "அத்தைகிட்ட சொல்லிடுங்க, நாளைக்கு நான் சீக்கிரம் கிளம்பணும்" என்பாள். நான் அவனிடம், "சாவியை மறக்காம எடுத்துட்டுப் போகச் சொல்லுப்பா" என்பேன். சண்டையா? இல்லை. சண்டை போடக்கூடப் பேச வேண்டுமே! லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அவளுக்கு, கிரீஸ் கையோடு வருவாள். இஸ்திரி வேலை எனக்கு, வேர்த்து விறுவிறுத்து வருவேன். இரண்டு பேருக்கும் களைப்பு, இரண்டு பேருக்கும் கூச்சம். பிறகு மகன் கப்பலேறினான். தபால் நிலையத்தை இழுத்துப் பூட்டியாயிற்று. வீட்டில் பேசிக்கொண்டிருந்தது குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான்.

அப்படியிருக்கையில் ஒருநாள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். வாடை தாங்காமல் இருவரும் இதே கூடத்துக்கு இறங்கி வந்தோம். இருவர் ஆட்டத்துக்கு ஆள் இல்லை என்று யாரோ எங்கள் கையில் ஆளுக்கொரு கன்ட்ரோலரைத் திணித்தார்கள். மறுக்க வெட்கமாக இருந்தது, உட்கார்ந்துவிட்டோம். அவள் இரட்டைக் குறுவாள்காரியை எடுத்தாள், மின்னல் மாதிரிப் பாய்பவள். நான் கோடரிக்காரனை எடுத்தேன். ஆள் மெதுவானவன், ஆனால் அடித்தால் இடி. இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பழகிய கட்டைவிரல் அல்லவா, ஒரே பொத்தானை அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். அரக்கர்கள் அடுக்கடுக்காய் விழுந்தார்கள். ஆகா, இவ்வளவுதானா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்து வந்தான் கேடயக்காரன். என் கோடரி அவன் கேடயத்தில் பட்டுத் தெறித்தது. அவன் ஒரே குத்து, நான் தரையில்.

இருவர் ஆட்டத்தில் ஒருவர் விழுந்தால், மற்றவர் அருகில் வந்து மண்டியிட்டு, ஒரு பொத்தானை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் விழுந்தவர் எழுவார். பிடித்திருக்கும்வரை அவர் வெட்ட முடியாது, தடுக்க முடியாது, விலக முடியாது. வந்தாள் என் மருமகள். நான் செத்தால் அவளுக்குப் புள்ளி குறையாது, தனியாகவே மேலே போயிருக்கலாம். ஆனால் வந்தாள், மண்டியிட்டாள், முதுகில் அடி வாங்கிக்கொண்டே பொத்தானைப் பிடித்திருந்தாள். திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அத்தை, வெட்டாதீங்க. அவன் முதல்ல அடிக்கட்டும். தடுத்துட்டு அப்புறம் வெட்டுங்க."

"தடுக்கறது எந்தப் பொத்தான்மா?" என்று கேட்டேன்.

அன்றோடு என் மகனின் தபால் வேலை போனது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அன்பர்களே. பெயிண்ட் வாடை என்று சொல்லிச் சமாளித்தேன்.

தினமும் ஆடத் தொடங்கினோம். தொடக்கத்தில் பொன்கோட்டுக்காகப் போட்டா போட்டிதான். நான் எடுத்தால் அவள் உர்ரென்று இருப்பாள், அவள் எடுத்தால் நான் இரவுச் சாப்பாடுவரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். பிறகு நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எடுக்கும் முன் "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் "எடுங்க" என்றால்தான் கை வைக்க வேண்டும். ஆட்டத்தில் பிறந்த அந்தக் கேள்வி மாடி ஏறி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. வெந்நீர் ஒரு வாளிதான் இருக்கிறதா? எடுத்துக்கட்டுமா? கடைசித் துண்டு ரொட்டியா? எடுத்துக்கட்டுமா? வெளியூர் லிஃப்ட் வேலை ஒன்று வந்தபோது என் எதிரில் வந்து நின்று கேட்டாள். எனக்குக் கால் வீங்கிய நாளில், நாளைக்கு விடுப்பு எடுத்துக்கட்டுமா என்று நான் அவளைக் கேட்டேன். அதெல்லாமா கேட்பீர்கள் என்று அதட்டிவிட்டுத் தைலம் கொண்டு வந்தாள்.

இப்போது போன வாரத்து இறுதிப் போட்டிக்கு வாருங்கள். ஜோடிகள் மாறி மாறி ஆட வேண்டும், கடைசி அரக்கனை வீழ்த்தும் ஜோடிக்குக் கோப்பை. புது விதிப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். தொடர் வெட்டு, தடுப்பு, தாவல், எல்லாம் ஒழுங்காக நடந்தது. பொன்கோடு நிரம்பித் தகதகவென்று மின்னியது. அவள் எடுப்பாள் என்று நான் விட்டேன். நான் எடுப்பேன் என்று அவள் விட்டாள். கேட்காமல் எடுக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை! நிறைந்த கோட்டை வைத்துக்கொண்டே இருவரும் அடிபட்டு விழுந்தோம். "அடிங்க, அடிங்க" என்று நீங்கள் எல்லாரும் கத்தினீர்களே, இப்போது புரிகிறதா ஏன் அடிக்கவில்லை என்று?

அடுத்து அண்ணன் தம்பி ஆடினார்கள். கோடு நிரம்பியது. இருவரும் ஒரே நொடியில் அழுத்தினார்கள். திரையில் ஒருவனுடைய வீரன் சுவரைப் பார்த்திருந்தான், மற்றவனுடைய வீரன் வானத்தைப் பார்த்திருந்தான். பெருவீச்சு காற்றோடு போனது, அவர்களும் விழுந்தார்கள். அதனால்தான் இந்த மறு ஆட்டம்.

விதி போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. சென்ற ஆண்டு இதே கூடத்தில் தம்பி கேட்காமல் பொன்கோட்டை எடுத்தான், அண்ணன் கன்ட்ரோலரைத் தரையில் அறைந்தான், நாற்காலிகள் பறந்தன. அதனால்தான் இந்த ஆண்டுப் போட்டிக்கு வாய்ப்பூட்டு. சத்தம் நின்றது, ஒப்புக்கொள்கிறேன். சண்டை நின்றதா? நேற்று வாளிப்பிடி பற்றவைக்க அவர்கள் பட்டறைக்குப் போயிருந்தேன். தம்பிக்கு ஏதாவது வேண்டுமென்றால் சுத்தியலால் இரும்பைத் தட்டுகிறான். ஒரு தட்டு என்றால் பிடி, இரண்டு தட்டு என்றால் திருப்பு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரும்பைத் தட்டிப் பேசிக்கொள்கிறார்கள். இதற்காகவா விதி போட்டோம்? இதற்காகவா கை தட்டினோம்? இதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு வருடம் இப்படியே இருக்கட்டும் என்று விடப் போகிறோமா?

பின்னால் ஒரு குரல், பேசாமல் தனியாள் ஆட்டமே வைத்துவிடுங்கள் என்கிறது. ஐயா, தனியாள் ஆட்டங்கள் மூன்றையும் நான் ஆடியிருக்கிறேன். நல்ல ஆட்டங்கள்தான். கோடு முழுக்க உங்களுடையது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் விழுந்தால் திரை கறுக்கும், மீண்டும் தொடங்கவா என்று இயந்திரம் கேட்கும். இயந்திரம் கேட்பதும், முதுகில் அடி வாங்கிக்கொண்டு ஒருத்தி மண்டியிட்டுச் சொல்வதும் ஒன்றா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் என் மருமகள் துறைமுக நகருக்குக் குடி போகிறாள். என் மகனுக்கு அங்கே கரை வேலை, இவளுக்கும் அங்கே வேலை கிடைத்திருக்கிறது. என்னைக் கேட்டுத்தான் எடுத்தாள். எடும்மா என்று சொன்னதும் நான்தான். சொல்லிவிட்டு இஸ்திரி மேசையில் தலை கவிழ்ந்து அழுதேன். ஆகவே இன்று நடக்கப்போவது எங்கள் இருவரின் கடைசி ஆட்டம். அதை ஊமையாக ஆட மாட்டேன். வாயை மூடி வாங்கும் கோப்பை எனக்கு வேண்டாம். பேசித்தான் ஆடுவேன், வெளியேற்றுவதானால் வெளியேற்றுங்கள்!

கை தட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். ஆவேசத்தில் பொன்கோட்டைக் கேட்காமல் நானே எடுத்துவிட்டேன். இந்தக் கோப்பை எனக்கு மட்டும் உரியதல்ல, அவளும் பாடுபட்டு வந்த இடம் இது. இந்த முடிவை எடுக்க எனக்கு மட்டும் உரிமை இல்லை. தூணோரம் நிற்கும் என் மருமகளே, நிமிர்ந்து பார். இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்.

"எடுத்துக்கட்டுமா?"

கேட்டதா உங்களுக்கு? மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டிருக்குமே. "எடுங்க அத்தை" என்கிறாள்.

அதோ, வெல்டர் அண்ணன் எழுந்து நிற்கிறார். என்னைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்க்கவில்லை, தம்பியின் பக்கம் திரும்புகிறார். அவசரப்படுத்தாதீர்கள், ஒரு வருடத்துத் துரு அது, மெதுவாகத்தான் வரும்.

"டேய், நாமளும் கேட்டு ஆடலாமா?"

இதோ, தம்பியைப் பாருங்கள். கையிலிருந்த கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு அண்ணனின் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போடுகிறான். தலைவர் அவர்களே, பார்த்தீர்கள் அல்லவா? எழுந்து வாசல் பக்கம் போகிறாரே நம் தலைவர்! அந்த விதித் தாளைக் கிழித்தெடுக்கிறார், நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். ரயிலோட்டியவர் அல்லவா, எங்கே பிரேக் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட மணிக்கு முதல் நன்றி. மனம் மாறிய தலைவருக்கும், செவி கொடுத்த சபைக்கும், அடுப்பு நினைவையே மறந்துவிட்ட அன்னையருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வெல்டர் தம்பிகளே, இனி இரக்கம் கிடையாது, கோடரியோடு வருகிறேன். மருமகளே, வா, உன் நாற்காலி காத்திருக்கிறது. இன்று நீ விழுந்தால் மண்டியிடுவது என் முறை. வணக்கம்!