மூணு தடவை மாற்றமில்லை

அதுல உக்காராதீங்கண்ணே, அந்த நாற்காலி ஆடும். இதுல உக்காருங்க. மூச்சு வாங்கிக்கோங்க, ஒண்ணும் அவசரமில்ல. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு வந்திருக்காரு, இங்க லிஃப்ட் ஓடல. ஐயோ, சிரிக்காதீங்க, இருமல் வந்துடும்.

இந்த ஸ்கேன் படத்தப் பாருங்க, இதான் உங்க நுரையீரல். கறுப்பா இருக்கறது காத்து, அது நல்லதுதான். கீழ, முதுகுப் பக்கமா ஓரத்துல வெள்ளையா வலை மாதிரி ஓடுதில்ல, அது தழும்பு. தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா தெரியுதே, அது முத்திப்போனதுக்கு அடையாளம். எந்த இடத்துல, எந்த மாதிரி இருக்குன்னு பாத்துத்தான் நாங்க வியாதியச் சொல்றது.

ஆமாண்ணே, வருஷத்துக்கு ஒண்ணா இதோட அஞ்சு படம். நடுவுல மூணு ரிப்போர்ட்லயும் மாற்றமில்லைன்னுதான் போட்டிருக்கு. அது என்னன்னா, புதுப் படம் வந்ததும் போன வருஷத்துப் படத்தத் திறந்து பக்கத்துல வச்சுப் பாப்போம். ஒரு வருஷத்துல துளியூண்டு கூடியிருக்கும், கண்ணுக்கே தெரியாது. அடுத்த வருஷமும் அதே கதை. முதப் படத்தத் திறந்திருந்தா ஒரு நிமிஷ வேலை. யாரும் திறக்கல. இந்தத் தடவை கம்ப்யூட்டர் மக்கர் பண்ணி போன வருஷத்துது திறக்கல. வேற வழியில்லாம முதப் படத்தத் திறந்தப்பதான் தெரிஞ்சுது. இந்தாங்க, ரெண்டையும் சேத்து வைக்கறேன். உங்களுக்கே தெரியுதா? அவ்வளவுதாண்ணே, இதுக்குப் படிப்பே வேண்டாம்.

அண்ணி அப்படியா சொன்னாங்க? ரிப்போர்ட்ல ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் சோம்பேறித்தனம்னா? அவங்களத் திட்டாதீங்க, பாவம். எழுதினத நம்பினாங்க. நீங்களும் நம்பித்தானே ஏழாவது மாடி வரைக்கும் மூச்சிரைக்கப் படியேறி வேலை பாத்திருக்கீங்க.

மாத்திரை இருக்குண்ணே. இனிமே பரவறத மெதுவாக்கும், போனது போனதுதான். ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா... இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன். ஆரம்பிச்சிருந்தா இந்த மாடிய நீங்க பேசிக்கிட்டே ஏறி வந்திருப்பீங்க.

யாரு எழுதினதுன்னா? மூணுலயும் ஒரே கையெழுத்துதான். சண்டை போடமாட்டேன், ஒரே ஒரு கேள்வி கேக்கணும்ங்கறீங்க. நியாயந்தான். எங்க வேலையில ஆளப் பாக்கறதே இல்லண்ணே, படத்த மட்டுந்தான். உங்க நெஞ்ச நாலு வருஷமாத் தெரியும், முகத்த இன்னிக்குத்தான் பாக்கறேன். கேளுங்கண்ணே, நான்தான் எழுதினேன்.