எட்டே வாரத்தில் எலக்ட்ரீசியன்

மின் பணியாளர் சங்கத்தின் புதிய பயிற்சிக்கூடத் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே! ஏணியில் ஏறி ஏறி முழங்கால் தேய்ந்தும் முகம் சுளிக்காத மூத்த தோழர்களே! பிள்ளைகளை மடியில் இருத்திப் பின்வரிசை வரை நிறைந்திருக்கும் தாய்மார்களே! வேலை உடுப்போடு நேரே இங்கு வந்துவிட்ட நண்பர்களே! நாளை முதல் இந்தக் கூடத்தில் கம்பியைக் கையில் எடுக்கப்போகும் புதியவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

என்ன, மைக் இரைகிறதா? இத்தனை எலக்ட்ரீசியன்கள் கூடிய மண்டபத்தில் மைக் இரைந்தால் ஊர் சிரிக்காதா? யாராவது போய்ப் பாருங்கள். அட, எல்லோரும் எழுந்திருக்க வேண்டாம், ஒருவர் போதும்!

தொழிலின் பெருமையைப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். நான் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசப்போகிறேன். பெருமை அதற்குள்ளேயே இருக்கிறது.

தையலக்கா என்றால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்குச் சொல்கிறேன். சட்டை தைக்கும் ஆலையில் காலர் பிரிவில் இருந்தவர். ஒருநாள் காலை ஆலைக் கதவில் பூட்டுத் தொங்கியது. சாப்பாட்டு டப்பாவோடு போனவர்கள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். அக்காவின் கணவருக்கு முதுகுவலி. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி அக்காவின் கைதான் குடும்பத்தின் கை.

அப்போதுதான் தெருவெங்கும் அந்த விளம்பரம். “எட்டே வாரத்தில் எலக்ட்ரீசியன்! உங்கள் பகுதிக்கு நீங்களே ராஜா!”

எப்படி இருக்கிறது பாருங்கள்! பிரான்சைஸ் என்று அதற்குப் பெயர். பயிற்சி அவர்கள் தருவார்கள், சட்டை அவர்கள் தருவார்கள், பெயர்ப்பலகை அவர்கள் தருவார்கள். அவர்கள் பெயரில் நாம் தொழில் செய்ய வேண்டும். வருகிற வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு. முன்பணமும் உண்டு. ஆலை மூடியபோது கைக்கு வந்த பணத்தை அக்கா அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நானும் அந்த வகுப்பில்தான் சேர்ந்தேன். அக்காவுக்கு அடுத்த பெஞ்சு.

பயிற்சி எப்படி நடந்தது? பலகை புதிது, ஒயர் புதிது, சுவிட்ச் புதிது. சிவப்பு சிவப்பாக இருந்தது, பச்சை பச்சையாக இருந்தது. மாட்டினால் பல்பு எரிந்தது, எரிந்தால் கைதட்டல் கிடைத்தது. ஆனால் ஐயா, ஊரில் எந்த வீட்டுச் சுவர் அந்தப் பலகையைப்போல் இருக்கிறது? சிரிக்கிறார்கள் மூத்த தோழர்கள். அவர்களுக்குத் தெரியும்! மூன்று குடித்தனம் மாறிய வீட்டில் மூன்று பேர் இழுத்த ஒயர், மூன்றும் கறுப்பு. அந்தச் சுவரை எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

சான்றிதழ் வந்தது. சட்டை வந்தது. அக்கா வேலைக்குப் போனார். ஃபேன் மாட்டினார், சுவிட்ச் மாற்றினார், நல்ல பெயர் எடுத்தார். பிறகு ஒரு வீட்டில் வெந்நீர் ஹீட்டர் பொருத்தச் சொன்னார்கள்.

வீட்டுக்காரரின் மனைவி அறுவை சிகிச்சை முடிந்து அன்றுதான் வீடு திரும்பியிருந்தார். குளிக்க வெந்நீர் வேண்டும். அக்கா ஹீட்டரை மாட்டினார், தண்ணீர் சுட்டது. வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. வேலை முடிந்தது என்று கிளம்பியிருக்கலாம். ஆனால் தைத்து முடித்த தையலை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் துணியைக் கீழே வைக்காத கை அது! மீட்டரை எடுத்துப் பிளக்கில் எர்த்தை, அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பை, சோதித்தார். வர வேண்டிய அளவு வரவில்லை. முள் எங்கோ தடுமாறியது. மறுபடி வைத்தார், மறுபடி தடுமாறியது.

கம்பெனிக்குப் போன் போட்டார். ஏரியா மேனேஜர் எடுத்தார்.

“தண்ணி சுட்டுச்சா?”

“சுட்டுச்சு சார். ஆனா எர்த்துல ஏதோ கோளாறு. என்னன்னு எனக்குப் புரியல.”

“பழைய வீடுன்னா அப்படித்தான்மா காட்டும். பாதுகாப்பா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போ.”

“புரியாததுக்கு எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்?”

“போடலைன்னா சட்டையைக் கழட்டி வச்சிட்டுப் போ. உன் ஏரியாவுக்கு ஆளா இல்ல?”

அக்கா போனை வைத்தார். நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். வீட்டுக்காரரிடம், “ஐயா, இதுல ஒரு கோளாறு இருக்கு. என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சவரைக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் அம்மா அந்தக் குழாயைத் தொட வேண்டாம்” என்றார்.

அவருக்கு வந்ததே கோபம்! “தெரியாதவங்க எதுக்கும்மா சட்டையை மாட்டிக்கிட்டு வரீங்க?”

தாய்மார்களே, அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு நின்றிருந்தால் அதன் சூடு உங்களுக்குத் தெரியும். அக்கா தெருவில் இறங்கி, கடை கடையாக விசாரித்து, இருபது வருடமாக உரிமம் வைத்திருந்த ஒரு எலக்ட்ரீசியன் அண்ணனைக் கையோடு அழைத்து வந்தார். அவர் கொல்லைப்புறம் போய் எர்த் குழியைத் திறந்தார். கம்பி துருவேறி அறுந்து கிடந்தது. ஹீட்டரில் என்றைக்காவது மின்கசிவு வந்திருந்தால், குளியலறைக் குழாய் முழுக்கக் கரண்ட். ஈரக்கையோடு அதைத் தொட்டிருக்க வேண்டியவர், தையல் போட்ட வயிற்றோடு உள்ளே படுத்திருந்தார்.

வீட்டுக்காரர் வெளிறிப்போய், அங்கிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, “உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க” என்றார்.

உயிரைக் காத்தவருக்குக் கம்பெனி என்ன பரிசு தந்தது? மறுநாளே அவருக்கு ஒதுக்கிய ஏரியாவைப் பறித்தது! வீட்டில் கணவர், “விட்டுடும்மா, கிழிசல் தச்சாவது பிழைச்சுக்கலாம்” என்றார். அக்கா சொன்னார்: “இந்த வேலையைப் பாதி கத்துக்கிட்டேன். மீதியக் கத்துக்காம விடமாட்டேன்.”

சொன்னபடியே அந்த அண்ணனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அதோடு நின்றாரா? எங்கள் வகுப்பில் ஒருவர் விடாமல் போன் போட்டார். “உனக்குப் புரியாத சுவர் எதையாவது பார்த்தியா?” இதுதான் கேள்வி. பார்க்காதவர் ஒருவரும் இல்லை!

அத்தனை பேரும் பட்டப்பகலில் கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். உரிமம் உள்ளவரோடு ஒரு வருடம் வேலை பார்த்த பிறகே எங்களைத் தனியாக அனுப்ப வேண்டும், அதுவரை யாரும் தனியே கையெழுத்துப் போடமாட்டோம் என்றோம். மேனேஜர் சிரித்தார். “கஷ்டமா இருந்தா விலகிக்கோங்க” என்றார். அப்போது வரவேற்பறையில் புதிய வகுப்பில் சேர வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அவர்கள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் நடந்ததை மட்டும் சொன்னார். ஒரு அம்மா எழுந்து பணப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அடுத்தவர் எழுந்தார். அதற்கடுத்தவர் எழுந்தார். மேனேஜரின் சிரிப்பு நின்றது!

அந்த வாரமே கம்பெனி இறங்கி வந்தது. இந்த ஊரில் மட்டும்தான். மற்ற ஊர்களில் அதே விளம்பரம் இன்றும் பளபளக்கிறது. எங்களில் சிலர் கம்பெனியிலேயே நீடித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, அடுப்பு எரிய வேண்டும். அக்கா திரும்பிப் போகவில்லை. உரிமத் தேர்வு எழுதினார், தோற்றார். மறுபடி எழுதினார், வென்றார்!

விரைவாகக் கற்பது குற்றமா? இல்லை. வேலை இழந்தவனுக்கு வேகம் வேண்டாமா? வேண்டும். ஆனால் அவன் அவசரத்தை விலைக்கு வாங்கி, அடுத்தவர் உயிரை அடகு வைக்கும் வியாபாரம் வேண்டுமா? வேண்டாம்! உரக்கச் சொல்லுங்கள், வேண்டாம்! இந்தக் கூடத்தில் பலகையும் உண்டு, பழைய சுவரும் உண்டு. துருவேறிய கம்பியும் உண்டு, கறுத்துப்போன ஒயரும் உண்டு. புரியும்வரை கேட்கலாம். கேட்டவரை இங்கே யாரும் கேலி செய்யமாட்டார்கள். செய்தால் என்னிடம் சொல்லுங்கள். பஸ் ஓட்டிய காலத்துக் குரல் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது!

யாரோ கேட்கிறீர்கள், அக்கா எங்கே என்று. இந்தக் கூடத்தைத் திறந்துவைக்க வேண்டியவரே அவர்தான். கிளம்பும் நேரத்தில் ஒரு ரொட்டிக் கடையிலிருந்து அழைப்பு. சுவிட்ச் போர்டில் புகை வருகிறதாம். “அக்கா, விழா?” என்றேன். “நீ பேசிக்கிட்டே இரு. அங்க ஆளுங்க நின்னு வேலை பாக்குறாங்க” என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆகவே ரிப்பனை இன்னும் வெட்டவில்லை. அவர் வரும்வரை வெட்டப்போவதும் இல்லை.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், புன்னகையோடு கேட்ட தாய்மார்க்கும், இரைந்த மைக்கைச் சரிசெய்த தோழருக்கும் நன்றி கூறி, அக்காவின் வருகைக்குக் காத்திருந்தபடியே விடைபெறுகிறேன். வணக்கம்!