ஊசி போட்டுக்கொண்ட கைகளிடம் உண்மை சொன்னவருக்கு

பெர்கன் நகரின் ஓயாத மழையினும் ஓயாது உழைத்த உத்தமரே! காய்ச்சல் கிருமியைக் காலமெல்லாம் துரத்திய காவலரே! எம் மூச்சுநோய் ஆய்வகத்தின் தலைவராய் விளங்கி, இன்று பணிநிறைவு பெறும் மருத்துவர் தோர்ஹில்ட் ஐக்லான்ட் அம்மையீர்! வணக்கம்.

ஆண்டுதோறும் உருமாறி வரும் ஃப்ளூவுக்கு ஆண்டுதோறும் அணை கட்டினீர்கள். முதியோர் உடலில் தடுப்பூசியின் வலு ஏன் மெலிந்துபோகிறது என்னும் கேள்வியையே மூச்சாகக் கொண்டீர்கள். இருமலோடு வேலைக்கு வந்தவரை, பேராசிரியரே ஆனாலும், வாசலிலேயே வழியனுப்பி வைத்தீர்கள். அந்தக் கண்டிப்பை நாங்கள் முணுமுணுத்தபடியே மதித்தோம்.

ஆயினும் அம்மையீர், உங்களை நாங்கள் முழுதாய் அறிந்தது ஒரு தோல்வியில்தான். பல்லாண்டு பாடுபட்டு உருவாக்கிய நம் புதிய ஊசி, முதியோர் இல்லங்களில் நடந்த சோதனையில், எழுபதைக் கடந்தோருக்குப் பழைய ஊசியைவிட எள்ளளவும் கூடுதலாய் உதவவில்லை. வெளியே சொன்னால் நிதி நிற்கும், ஆய்வகமே மூடப்படலாம். “எழுபதுக்குக் கீழ நல்லாத்தானே வேல செஞ்சிருக்கு, அத மட்டும் முன்னால வெச்சா என்ன?” என்று கெஞ்சினார் நம் சக ஆய்வாளர் ஷெல். “எழுபதத் தாண்டினவங்க கையிலயும் நாமதானேப்பா குத்தினோம்?” என்றீர்கள்.

முழு முடிவையும் வெளியிட்டீர்கள். நிதியில் பாதி போயிற்று. அதோடு நில்லாமல் இல்லம் இல்லமாகச் சென்று, ஊசிக்குக் கை கொடுத்தவர்களிடம் நேரில் சொன்னீர்கள். பின்னிக்கொண்டிருந்த கம்பளியைக் கீழே வைக்காமலே கேட்டார் எண்பது கடந்த போர்கில்ட்: “அதுக்கு ஏம்மா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கிற? நல்லதா இன்னொன்னு செஞ்சு கொண்டா. கை இங்கதானே இருக்கு!” அந்தக் குளிர்காலத்திலேயே ஃப்ளூ அவரைக் கொண்டுபோயிற்று. அவர் உடலை அடக்கம் செய்தபோது நீங்கள் அழுததைக் கண்டோம். மறுநாளே அடுத்த ஊசிக்கான வேலையைத் தொடங்கியதையும் கண்டோம்.

அந்த ஊசி இப்போது சோதனையில் இருக்கிறது. முடிவு வரும் வேளையில் நீங்கள் இங்கே இருக்க மாட்டீர்கள் என்பதே எங்கள் நெஞ்சை அறுக்கிறது. நல்லதோ கெட்டதோ, வருகிற முடிவை வந்தபடியே, கை நீட்டிய ஒவ்வொருவரிடமும் நேரில் சென்று சொல்வோம். இது இந்த அவையில் நாங்கள் தரும் வாக்கு.

மலையேறி, மீன் பிடித்து, நோயின்றி நெடுநாள் வாழ்க, அம்மையீர்! அதற்கு முதற்படியாக, விருந்தின் வாஃபிள் அப்பத்தை உண்ணுமுன் சட்டைக் கையைச் சற்றே உயர்த்துங்கள். நீங்களும் இப்போது முதியோர் வரிசையில்தானே! இவ்வாண்டு ஊசி உங்கள் வயதில் முழுக் காப்புத் தராது; ஆனால் நோயின் கடுமையைக் குறைக்கும். நீங்கள் கற்பித்தபடி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டோம். கையை நீட்டுங்கள்.

என்றும் உங்கள் கண்டிப்புக்கு ஆட்பட்ட,
மூச்சுநோய் ஆய்வகத்தார்
பெர்கன்