பாக்கெட்டு மட்டும் மாறல

அமிர்தம்: அந்தப் பழைய படத்த எடுத்தாடி. செல்லுக்குப் பக்கத்துல வை. ரெண்டும் ஒட்டினாப்புல இருக்கணும்.

நிர்மலா: இன்னாம்மா, பொண்ணு வூட்டுக்காரங்க மாப்ள படத்தப் பாக்கற மாதிரி பாக்கற… உம்மவன் சுபாஷுதான். நேத்துதான் அனுப்பினான்.

அமிர்தம்: எட்டு வருசமாச்சி அவன் வூட்டவுட்டுப் போயி. பாக்கணும் இல்ல… மெதுவா பேசு. உங்கப்பா உள்ள முழிச்சிக்கினுதான் இருக்காரு.

நிர்மலா: அவருகிட்ட காட்டத்தானே எடுத்துக்கினு வந்தேன். மவன் மூஞ்சியப் பாக்காம ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு கட்டில்லயே கெடந்தா எப்படி? கால்ல கருப்பு ஏறிக்கினே போவுது. நாளைக்குள்ள கூட்டினு வரலன்னா முட்டிக்குக் கீழ எடுத்துடணும்னு டாக்டரு சொல்லிட்டாரு.

அமிர்தம்: தெரியும். அதான் பாக்கறேன்… முடி கம்மியாப் போச்சே.

நிர்மலா: சத்தீஸ்கர்ல உப்புத் தண்ணியாம். போர்வெல் வண்டில சுத்தறவனுக்கு முடி எங்க நிக்கும்?

அமிர்தம்: தொப்ப வேற.

நிர்மலா: நாப்பது ஆவப்போவுதும்மா. உன் வூட்டுக்காரருக்கு இல்லாத தொப்பையா?

அமிர்தம்: அவருக்கு அறுவதுலதான் வந்துச்சி. இவனுக்கு எல்லாத்துலயும் அவசரம்… காது அதேதான். முன்னால தூக்கினு.

நிர்மலா: ஆங்… அதச் சொல்லு.

அமிர்தம்: சட்ட ஏது?

நிர்மலா: முந்தின தீவாளிக்கு நான் வாங்கி அனுப்பினது. அதப் போட்டுக்கினு படம் எடுத்து அனுப்பினானே, அப்பவே உனக்குக் காட்டினேன் இல்ல? இன்னும் வச்சிருக்கான் பாரு.

அமிர்தம்: ம்… வச்சிருக்கான்.

நிர்மலா: போதும், குடு. உள்ள போய்க் காட்டறேன்.

அமிர்தம்: இரு. தழும்பு.

நிர்மலா: இருக்குது பாரு, புருவத்துல.

அமிர்தம்: ஏழு வயசு அப்ப. உங்கப்பா கரும்பு வெட்ட கத்தி ஓங்கறாரு, இவன் பின்னால வந்து நின்னுட்டான். பழைய படத்துல பாரு, இடது புருவம். இதுல வலது பக்கம் இருக்குது.

நிர்மலா: அது… செல்பிம்மா. அவனே எடுத்தது. கண்ணாடில பாக்கற மாதிரி பக்கம் மாறிக்கும்.

அமிர்தம்: அப்ப பாக்கெட்டு ஏன் மாறல?

நிர்மலா: இன்னா பாக்கெட்டு?

அமிர்தம்: சட்ட பாக்கெட்டு. தீவாளிக்கு அனுப்பின படத்துலயும் இடது, இந்தப் படத்துலயும் இடது. மூஞ்சி திரும்பிக்கிச்சி, சட்ட திரும்பலியா?

நிர்மலா: செல்லக் குடும்மா. உள்ள போவணும்.

அமிர்தம்: தியாகதுருகம் டென்னிசு ஸ்டுடியோவா? செத்தவங்க படத்துக்கெல்லாம் கோட்டு மாட்டி வுடுதே, அந்தப் புள்ளயா?

நிர்மலா: அம்மா… இப்ப எதுவும் கேக்காத. அப்பாவுக்கு ஆப்ரேசன் முடியட்டும். உன் பக்கத்துல உக்காந்து எல்லாம் சொல்றேன். உங்காலப் புடிச்சிக் கேக்கறேன், இப்ப வேணாம்.

அமிர்தம்: நான் ஒண்ணும் கேக்கலியே.

நிர்மலா: நீ அழுதா அவருக்குத் தெரிஞ்சிடும்மா. அழாத.

அமிர்தம்: நான் எங்க அழுவறேன்? நீதான் அழுவற. மூஞ்சியத் தொட.

நிர்மலா: உன்ன ஏமாத்தணும்னு இல்லம்மா…

அமிர்தம்: அந்தப் புள்ளைக்குப் போன் போடு. தழும்ப இடது பக்கம் மாத்தித் தரச் சொல்லு. அது உங்கப்பா கத்தி பட்ட எடம், அவரு மொதல்ல அங்கதான் பாப்பாரு. சட்டையையும் வேற போடச் சொல்லு… படத்தக் காட்டும்போது நானும் பக்கத்துல நின்னு சிரிக்கணும் இல்ல. போன ஆடி மாசம், நீங்க யாரும் இல்லாதப்ப, போர்வெல் வண்டிக்காரரு ஒருத்தரு அவன் பையக் குடுத்துட்டு, எங்காலப் புடிச்சி அழுதுட்டுப் போனாரு. அதுல இருந்த இந்தச் சட்ட அரிசி டிரம்முக்குள்ள அடியில இருக்குதுடி.